லாவெல் என்னும் குடும்பப்பெயர்

கோலார் தங்கவயலின் அண்மைக்கால வரலாற்றில் முதலில் இடம்பெறும் பெயர்களுள் ஒன்று மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் என்பது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிய பின் பெங்களூரில் குடியமர்ந்த இந்த அயர்லாந்துப் படைவீரர், ஜான் வாரன் எழுதிய பழைய அறிக்கையொன்றைப் படித்துத் தங்கம் தேட முனைந்தார். 1873இல் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை வேண்டினார். பின்னர் அவ்வுரிமை பிறர் கைக்குச் சென்றது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நடத்தியது. லாவெல் பெயரைப் பெங்களூர்ச் சாலையொன்று இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆங்கில எழுத்தில் இப்பெயரைக் காண்போர் இதனைப் பிரெஞ்சுப் பெயர் எனக் கொள்வது இயல்பு. முதலிலுள்ள 'லா' பிரெஞ்சுப் பெண்பாற் சுட்டுப்போலவும், ஈற்றிலுள்ள 'எல்' அம்மொழியின் விகுதிபோலவும் தோன்றும். இரண்டும் மயக்கமே. அயர்லாந்தின் மேற்கே மேயோ வட்டாரத்தில் வழங்கும் இப்பெயரின் ஐரிஷ் மூலம் 'ஓ மீல் ஃபாவில்' என்பதாகும். 'ஓ' வழித்தோன்றலைக் குறிக்கும். 'மீல்' என்பது மழித்த தலை என்னும் பொருளிலிருந்து அடியார் என்னும் பொருளுக்கு வளர்ந்த சொல். இத்தொடரில் 'ஃபாவில்' என்பதன் முதல் மெய் ஐரிஷ் மொழியின் மெலிதல் விதியால் ஒலியிழந்து 'ஆவில்' என நிற்கும். நிலைமொழி ஈற்று லகரத்தின்மேல் வருமொழி ஆகாரம் ஏற, 'மீலாவில்' என்றாகும். உடம்பொடு உயிர் புணரும் இவ்வியல்பு நன்னூல் கற்றோர்க்குப் புதிதன்று. அழுத்தம் பின்கூறின்மேல் விழுதலால் முன்கூறு தேய்ந்தது. எஞ்சிய 'லாவில்' ஆங்கில எழுத்தரின் கையில் பிரெஞ்சுக்கோலம் பூண்டது. ஆகவே, சுட்டுப்போலத் தோன்றும் லகரம் உண்மையில் தொலைந்துபோன 'மீல்' என்பதன் ஈறேயாகும்.

அயர்லாந்துக்கே உரியதாகக் கருதப்படும் 'ஃபிட்ஸ்' என்னும் முன்னொட்டோ, மகன் எனப் பொருள்படும் நார்மன் பிரெஞ்சுச் சொல்! ஒரே மனிதரின் பெயரில் இரு மொழிகளும் ஒன்றன் உடையை மற்றொன்று அணிந்துள்ளன. அவருக்கு வழிகாட்டிய வாரனும் இத்தகையவரே. ஆங்கிலேயப் படை அதிகாரியாக அறியப்பட்ட அவர், அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் 1769இல் இத்தாலியின் லிவோர்னோவில் பிறந்தவர். தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளை விளக்கும் 'கால சங்கலிதம்' (1825) அவர் நூல்.

தமிழில் இப்பெயரை எழுதுவோர்க்கு ஒரு சிக்கல் உண்டு. லகரம் மொழிக்கு முதலாகாது என்னும் மரபைப் பேணுவோர் 'இலாவெல்' என்பர். வரலாறு அறியாமலே செய்யப்படும் இத்திருத்தம், லகரத்திற்கு முன் இழந்த உயிரொன்றைத் தற்செயலாக மீட்டுத் தருகிறது.