கிணற்றுக்குள் கிடந்த இரும்புக் குழாய்கள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் துருப்பிடித்த குழாய் ஒன்றின் படத்தை அனுப்பி, "சார், இது பீரங்கிக் குண்டா?" என்று கேட்டிருந்தார். படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கர்நாடகத்தில் நடந்த ஒன்றை நினைவூட்டியது.

சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்று ஓர் ஊர். பழைய பெயர் பிதனூர். 1763-இல் ஹைதர் அலி அதைப் பிடித்து ஹைதர்நகர் என்று பெயர் மாற்றினார். அதில் 'நகர்' மட்டும் மிஞ்சி நகரா ஆகிவிட்டது. அங்கே 2002-இல் ஒரு பாழுங்கிணற்றைத் தூர் வாரியபோது துருவேறிய இரும்பு உருளைகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. அவை இன்னதென்று தெரிய ஆண்டுகள் பல ஆயின. 2018-இல் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டியபோது மேலும் ஆயிரம் உருளைகள் கிடைத்தன. எல்லாம் திப்பு சுல்தான் காலத்து ராக்கெட்டுகள்!

குண்டுக்கும் ராக்கெட்டுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? பீரங்கிக் குண்டு வார்ப்பிரும்பு, கனமானது. இதுவோ இரும்புத் தகட்டைத் தட்டி உருட்டிய குழாய். ஒரு முனை அடைப்பு. மறுமுனையில் புகை பீறிட்டு வெளியேற ஒரு துளை. அந்தத் துளைதான் முக்கியமான சாட்சி. குழாயை மூங்கில் கழியிலோ வாளிலோ தோல்வாரால் கட்டி எறிவார்கள். இருநூறு வருஷத்தில் கழியும் வாரும் மக்கிப் போய்விடும். வெறும் குழாய்தான் மிஞ்சும். ராக்கெட் என்று யாருக்குத் தோன்றும்?

இன்னொரு சாட்சி உள்ளே இருந்த கருமருந்து. சில செய்திகளில் வெடியுப்பு, கரி, மெக்னீசியம் என்று போட்டிருந்தார்கள். இங்கே ஆசிரியர் புத்தி விழித்துக்கொள்கிறது! மெக்னீசியம் உலோகத்தைப் பிரித்தெடுத்தவர் ஹம்ப்ரி டேவி, 1808-இல். திப்பு இறந்தது 1799-இல். கருமருந்தின் மூன்றாவது சரக்கு கந்தகம். எட்டாம் வகுப்புப் பாடம்தான், மறந்திருக்க மாட்டீர்கள்.

இரும்புக் குழாய் என்பதில்தான் மைசூர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனம். அப்போது ஐரோப்பாவில் ராக்கெட்டுக்குக் காகித அட்டைக் குழாய்தான். உள்ளே அழுத்தம் கூடினால் அட்டை கிழிந்துவிடும். இரும்பு தாங்கும், மருந்தை இறுக்கித் திணிக்கலாம், தூரமும் கூடும். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அகப்பட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றை வைத்து ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்க, 1807-இல் கோபன்ஹேகன் நகரம் எரிந்தது. லண்டன் வூல்விச் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தவை இரண்டே இரண்டு. உலகம் வெகுகாலம் அந்த இரண்டைத்தான் பேசிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு கிணற்றுக்குள் ஆயிரம் கிடந்திருக்கிறது!

நம் பக்கமும் இவை பறந்திருக்கின்றன. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு தோற்றது. அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்ததுதான் திருப்பம். ராக்கெட் பட்டு வெடித்தது என்பார்கள் சிலர், பீரங்கிக் குண்டு என்பார்கள் சிலர். ராக்கெட் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. அப்துல் கலாம் அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்து வியந்ததை 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்கள் அறிவீர்கள்.

படம் அனுப்பிய தம்பிக்கு: அதைத் தட்டிப் பார்க்காதே, அறுக்காதே. உள்ளே மருந்து இருக்கலாம். பழைய இரும்புக் கடைக்கும் போட்டுவிடாதே. கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, தாசில்தாரிடம் சொல்லிவிடு. ஒரு முனையில் துளை இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பார்த்து எனக்கு எழுது.