டெய்லர் துரையின் கடிதமும் ஒரு துண்டும்

 

"சேர், உங்கட போஸ்ட் எல்லாம் சரியான நீளம். கொஞ்சம் சுருக்கமாப் போடுங்களேன்" என்று என் பழைய மாணவர் ஒருவர் உரிமையோடு சொன்னார். நியாயம்தான். ஆனால் நீளம், சுருக்கம் என்றதும் எனக்கு நம் ஹேவாஹெட்டக் கதை ஒன்றுதான் ஞாபகம் வருகிறது.

1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து பதினாறு வயதில் இலங்கைக்கு வந்தார் ஜேம்ஸ் டெய்லர். நம் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் அவர்தான். இங்குள்ள வாழ்க்கையையும் வேலையையும் பற்றி ஊரிலிருந்த தன் வீட்டாருக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். அவை இன்றும் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 2017இல் அவரைப் பற்றி வந்த ஆய்வு நூலுக்கும் அவை பெரிய ஆதாரம்.

1892இல் அவர் இறந்தார். கண்டி மஹய்யாவ மயானத்தில் அவருடைய கல்லறையில் இருப்பது சில வரிகள்தான். அந்த மனிதரை நமக்குக் காட்டுவது கல் அல்ல, கடிதங்கள்.

சரி, அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து இந்த மலைகளில் காடு வெட்டி, கன்று நட்டவர்கள்? அவர்களைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் மிகச் சுருக்கம். செக்ரோலில் ஒரு பெயர். அதற்கு நேரே வேலை செய்த நாளின் அடையாளம். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் "துண்டு". அந்தச் சீட்டில் இருந்தது அவர்களின் கடன் கணக்கு. கடனைப் பொறுப்பேற்க ஆள் இல்லாவிட்டால் நகர முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது.

துரைக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம். தொழிலாளிக்கு ஒரு துண்டு. எவருடைய வாழ்க்கை நீளமாக எழுதப்படுகிறது, எவருடையது சுருக்கப்படுகிறது என்பதிலேயே வரலாறு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆகவே, மௌத் அறிவித்தல், இரத்தம் தேவை, கூட்டம் என்றால் சுருக்கமாகப் போடுங்கள். பெயர், இடம், நேரம் போதும். அங்கே வளவளவென்று எழுதினால் முக்கியமான விஷயம் தொலைந்துவிடும்.

ஆனால் உங்கள் உம்மும்மாவோ பாட்டியோ இந்த மலையில் வாழ்ந்த கதையைச் சுருக்காதீர்கள். லயத்துக் கதையானாலும் கடைவீதிக் கதையானாலும் அவர்கள் சொல்லச் சொல்ல, நீளமாகவே எழுதி வையுங்கள். அவர்களுக்காக எந்த நூலகத்திலும் கடிதக் கட்டு காத்திருக்கவில்லை.

என் போஸ்டில் வீண் பேச்சு இருந்தால் சொல்லுங்கள், வெட்டிவிடுகிறேன். கீழே உங்கள் வீட்டுக் கதையை எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் வாசிப்பேன்.