பி. ஆர் அண்ட் சன்ஸ்

பி. ஆர் அண்ட் சன்ஸ், சென்னை அண்ணா சாலையில் உள்ள பழம்பெரும் கடிகார வணிக நிறுவனம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பிரிட்டிஷ் குடும்பம் தொடங்கிய கடை இது. பின்னாளில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கைக்கு வந்தது; பெயர் மட்டும் மாறவில்லை. தென்னிந்தியாவிலும் பர்மாவிலும் கடிகாரத்தைப் பரப்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நிறுவனத்துக்குப் பெயர் தந்த பீட்டர் ஆர் கடிகாரத் தொழில் தெரிந்தவர். 1840-களில் சென்னைக்கு வந்து, ஜார்ஜ் கார்டன் என்பவரின் கடிகாரக் கடையில் சேர்ந்தார். 1849-இல் அந்தக் கடை அவர் பொறுப்புக்கு வந்தது. பிள்ளைகளும் தொழிலில் இறங்கிய பிறகு பெயரோடு ‘அண்ட் சன்ஸ்’ சேர்ந்தது. கடிகாரத்தோடு வெள்ளிச் சாமான், நகை, நில அளவைக் கருவிகள் என்று சரக்கு விரிந்தது. ரங்கூனிலும் கிளை திறந்தார்கள்.

தருவிப்பும் மொத்த வணிகமும்

அந்தக் காலத்துக் கடிகார வணிகத்தின் அடிப்படையை இன்றைய வாசகர் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியிருக்கும். இன்று வாட்ச் வாங்குபவர் செய்தவர் யார் என்று பார்க்கிறார். அன்று விற்றவர் யார் என்று பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைச் சிற்றூர்களிலும் இங்கிலாந்திலும் இருந்த பட்டறைகள் கடிகாரத்தைச் செய்து அனுப்பும். டயலில் அச்சாகும் பெயரோ வாங்கி விற்கும் கடையின் பெயர். ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ் அண்ட் ரங்கூன்’ என்று பொறித்த சட்டைப்பைக் கடிகாரங்கள் பழம்பொருள் சந்தையில் இன்றும் கைமாறுகின்றன. பல கடிகாரங்களில் அதைச் செய்த பட்டறையின் பெயர் எங்கும் இருக்காது.

இப்படிப் பெயர் போட்டு விற்பவர் ஒரு பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்கிறார். கடிகாரம் நின்றுபோனால் சுவிட்சர்லாந்துக்கு யாரும் கடிதம் எழுதப்போவதில்லை. கடை வாசலுக்குத்தான் வருவார்கள். அதனால் தருவிக்கும் கடைக்குப் பழுது பார்க்கும் மேசை இன்றியமையாதது. கப்பலில் வந்த சரக்கைப் பிரித்து, பல நாள் ஓடவிட்டு, வேகமாகப் போகிறதா மெதுவாகப் போகிறதா என்று பார்த்து, ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரத்தைத் திருத்திய பிறகே விற்க முடியும். சென்னை வெயிலில் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும். கடற்காற்று எஃகை அரிக்கும். ஐரோப்பியக் குளிரில் சரியாக ஓடிய மிஷின் இங்கே அப்படியே ஓடும் என்று நம்பிவிட முடியாது.

வெளியூர் வணிகம் வளர்ந்ததற்குக் கடைக்கு வெளியே நடந்த மாற்றங்களும் காரணம். 1856-இல் இராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சரக்கு வந்து சேரும் நாள் வெகுவாகக் குறைந்தது. 1877-இல் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது: பொருள் வீட்டுக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். முகம் தெரியாத ஊர்க்காரருக்கும் விலைப்பட்டியலை அனுப்பிக் கடிகாரம் விற்க இதனால் வழி பிறந்தது. ரயில் வந்த ஊர்களில் கடிகாரத்தின் தேவையும் கூடவே வந்தது. அதுவரை நாழிகையிலும் நிழலிலும் நடந்த வாழ்க்கைக்கு ரயிலால் நிமிடக் கணக்கு வந்து சேர்ந்தது.

பழைய சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றின் பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உட்புறத்தில் ஊசியால் கீறிய சிறு எழுத்துகளும் எண்களும் தெரியும். சர்வீஸ் செய்தவர்கள் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் அங்கே கீறி வைப்பது உலகெங்கும் உள்ள தொழில் வழக்கம். ஒரு கடிகாரம் எத்தனை முறை பழுது பார்க்கும் மேசைக்கு வந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவேடு கிடையாது.

மவுண்ட் ரோடு கட்டடமும் சென்னை நேரமும்

1870-களில் மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) எழுந்த கடைக்கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். மாநிலக் கல்லூரியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தையும் தந்தவரும் அவரே. கடையின் உச்சியில் கோபுரமும் கடிகாரமும் அமைந்தன. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தோடு இந்தக் கடிகாரம் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரம் கம்பி வழியே வந்து கோபுரக் கடிகாரத்தைச் சரிசெய்தது. கோட்டையில் முழங்கிய நேர பீரங்கியும் ஆய்வகத்தின் மின்குறியால்தான் வெடித்தது. கோட்டைக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் ரங்கூனுக்கோ திருகோணமலைக்கோ பாய் விரிக்குமுன் தங்கள் குரோனோமீட்டர் என்னும் துல்லியக் கடிகாரத்தைச் சரிபார்க்க அந்த வெடியோசை உதவியது.

சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. இந்திய ரயில்கள் வெகுகாலம் இந்தக் கணக்கில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் என்றானது. சென்னைக் கடிகாரங்களை 8 நிமிடம் 46 வினாடி முன்னே தள்ள வேண்டியிருந்தது.

வெள்ளி வேலை

நிறுவனத்தின் வெள்ளிப் பட்டறை தெய்வ உருவங்களைப் புடைப்பாகத் தட்டி எடுத்த ‘சுவாமி’ வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. வேல்ஸ் இளவரசர் 1875-76-இல் இந்தியா வந்தபோது அவருக்காகச் செய்த தேநீர்ச் சாமான்கள் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளன. கோயில் சிற்ப மரபில் வந்த கைகள் ஆங்கிலத் தேநீர்க் கூஜாவில் இறங்கிய அந்த வேலை, தனிக் கட்டுரைக்கு உரியது.

கைமாறிய பிறகு

விடுதலைக்குப் பின் நிறுவனம் மதுரை ஆலையதிபர் கருமுத்து தியாகராஜரின் குடும்பத்தைச் சேர்ந்தது. தியாகராஜர் இளமையில் கொழும்பில் படித்தவர். இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தவர். 1943-இல் மதுரை வங்கியையும் 1949-இல் தியாகராஜர் கல்லூரியையும் நிறுவினார்.

வணிகத்தின் தன்மையும் இதற்குள் மாறிவிட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கடிகாரம் தருவிப்பது கடினமானது. கடத்தல் வாட்ச் பெருகியது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தது. டயலில் கடைப்பெயர் போடும் காலம் முடிந்தது. நிறுவனம் பல பிராண்டுகளை விற்கும் காட்சிக்கூடமானது. பேட்டரி மாற்றினால் ஓடும் கடிகாரத்துக்குப் பழைய மேசையின் நுட்பம் பெரும்பாலும் தேவைப்படவில்லை. அந்த அறிவு அடுத்த தலைமுறைக்கு முழுமையாகக் கைமாறாதது இந்தத் தொழிலுக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

2012-இல் சென்னை மெட்ரோ ரயில் பணிக்காகக் கட்டடத்தின் பின்பகுதி இடிக்கப்பட்டது. மரபுக் கட்டடங்களைக் காக்கப் போராடுவோர் நீதிமன்றத்தை நாடினார்கள். சாலையை நோக்கிய முகப்பும் கோபுரமும் நிற்கின்றன.

கட்டடத்தைக் காப்பது அரசின் கையிலும் நீதிமன்றத்தின் கையிலும் இருக்கலாம்; வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கடிகாரம் நம் கையில் இருக்கிறது. தாத்தாவின் கடிகாரத்தில் இந்த நிறுவனத்தின் பெயரோ வேறொரு பழைய கடையின் பெயரோ இருந்தால், பளபளப்புக்காக டயலுக்குப் புது வண்ணம் ஏற்றக் கொடுத்துவிடாதீர்கள். மங்கியிருந்தாலும் அந்த எழுத்து அப்படியே இருக்கட்டும். நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே உள்ள எண்ணையும் கீறல்களையும் படம் எடுத்து வையுங்கள்.