ஜொகூரில் கைத்துப்பாக்கி: உரிமமும் தூக்குமேடையும்

தற்காப்புக்கென ஓர் ஆயுதத்தை நாள்தோறும் உடலோடு கொண்டுசெல்லும் வழக்கம் ஜொகூர் மாநில வரலாற்றில் இரு வேறு காலங்களில், இரு வேறு மக்களிடையே நிலவியது. மலாய் ஆடவர் இடைத்துணியில் செருகிக்கொண்ட கெரிஸ் என்னும் வளைவலகுக் குத்துவாள் அவற்றுள் மூத்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ரப்பர் தோட்டத் துரைமாரின் இடைவாரில் தொங்கிய கைத்துப்பாக்கி இளையது. கெரிஸ் காலப்போக்கில் படைக்கலம் என்ற நிலையிலிருந்து விலகி, திருமண உடையிலும் அரண்மனைச் சடங்கிலும் இடம்பெறும் மரபுச் சின்னமாயிற்று. 1946 மே மாதத்தில் ஜொகூர் பாருவில் தோன்றிய அம்னோ கட்சியின் கொடியிலும் அது இடம்பிடித்தது. கைத்துப்பாக்கிக்கு அத்தகைய வாழ்வு வாய்க்கவில்லை. அது பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சிறு வகுப்பாரின் அன்றாட உடைமையாக இருந்துவிட்டுப் பொதுவாழ்விலிருந்து முற்றாக மறைந்தது; எனினும் அக்காலத்தில் அதைச் சுற்றி எழுந்த சட்டக் கண்ணோட்டம் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

ஆயுதத்தை யார் தாங்கலாம் என்பதை அரசே முடிவுசெய்யும் போக்கு ஜொகூரில் ஆங்கிலேயருக்கு முன்பே வேர்விட்டிருந்தது. சுல்தான் அபு பக்கார் 1886இல் நிறுவிய ஜொகூர் இராணுவப் படை, மலேசியாவின் வேறெந்த மாநிலத்துக்கும் இல்லாத தனிப்படையாக இன்றும் தொடர்கிறது. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, அவர்களுள் ஒரு பகுதியினர் நீரிணையைக் கடந்து ஜொகூருக்குள் புகுந்தபோது, சுல்தான் இப்ராகிமின் படையே அவர்களைப் பிடித்து ஒப்படைத்தது. ஊராரிடம் இருந்தவை பெரும்பாலும் காட்டுப்பன்றியை விரட்டவும் புலியை எதிர்கொள்ளவும் பயன்பட்ட நீளத் துப்பாக்கிகளே. மனிதனை மனிதன் எதிர்கொள்வதற்கென்றே உருவான கைத்துப்பாக்கி அதிகாரிகளுக்கும் படையினருக்கும் உரியதாக இருந்தது.

இந்நிலையை மாற்றியது ஜப்பானியப் போர். 1942 ஜனவரியில் மூவாரிலும் பக்ரியிலும் பாரிட் சூலோங்கிலும் தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் அம்மாதம் 31ஆம் நாள் ஜொகூர் நீரிணைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் ஒடுங்கியபோது, அவை விட்டுச்சென்ற ஆயுதங்கள் காடுகளிலும் தோட்டங்களிலும் சிதறிக் கிடந்தன. கம்யூனிஸ்டுகள் தலைமையிலான மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை அவற்றைத் திரட்டியது; போரின் இறுதிக் கட்டத்தில் பிரிட்டனின் 136ஆம் படைப்பிரிவு வானிலிருந்து இறக்கிய ஆயுதங்களும் அப்படைக்குச் சேர்ந்தன. 1945 டிசம்பரில் படை கலைக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 350 டாலர் அளிக்கப்பட்டு, துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன என்றாலும், பெருந்தொகையானவை காட்டுக்குள் புதைத்துவைக்கப்பட்டன. இரண்டரை ஆண்டுகளுக்குப்பின் அவை தோண்டி எடுக்கப்பட்டன.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளரால் சுட்டுக்கொல்லப்பட்டதும், முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களிலும், ஜூன் 18இல் நாடு முழுவதிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சிகாமட், லாபிஸ், குளுவாங், பாலோ, யோங் பெங், கூலாய் என நீளும் ஜொகூரின் ரப்பர் நிலப்பகுதி போரின் கடுமையான களங்களுள் ஒன்றாயிற்று. தோட்ட நிர்வாகி வெளிக்காட்டைச் சுற்றிப் பார்க்கவும், சம்பளப் பணத்தை நகரிலிருந்து கொண்டுவரவும், மாலையில் மனமகிழ் மன்றத்துக்குச் செல்லவும் ஆயுதம் இன்றிப் புறப்படுவதில்லை என்ற நிலை விரைவிலேயே வழக்கமாயிற்று. பங்களாவைச் சுற்றி முள்வேலியும் மணல்மூட்டைகளும், மோட்டார் வண்டிக்கு இரும்புத் தகடும், சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அருகே ரிவால்வரும் அக்காலத் தோட்ட வாழ்வின் அடையாளங்கள்.

அவர்கள் தாங்கிய கருவிகளின் வரலாற்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியில் ஆறு தோட்டாக்களைத் தாங்கிய உருளை ஒன்று ஒவ்வொரு சூட்டுக்கும் ஓர் அறை வீதம் சுழலும். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய வெப்லி ரிவால்வர் ஒரு கிலோவைத் தாண்டிய எடையும் பெரிய தோட்டாவும் கொண்டிருந்தமையால், பயிற்சி குறைந்தோர் அதைக் கையாளத் திணறினர். எனவே 1930களில் முக்கால் கிலோ அளவே எடையுள்ள என்ஃபீல்டு ரிவால்வர் ஏற்கப்பட்டது. அதன் பிற்கால வடிவத்தில், உடையிலோ வண்டியின் உட்பாகத்திலோ சிக்கிக்கொள்ளும் சுத்தியல் முனை நீக்கப்பட்டது. ஆயுதம் அன்றாடம் உடலோடு இருக்கவேண்டுமானால் அது இலகுவாகவும் எதிலும் மாட்டாததாகவும் அமையவேண்டும் என்ற எண்ணம் அப்போதே செயல்வடிவம் பெற்றிருந்தது. அமெரிக்காவில் 1927இல் வெளிவந்த குட்டைக் குழல் கொண்ட கோல்ட் ரிவால்வரும், ஜெர்மனியில் 1931இல் வெளிவந்த வால்தர் பிபிகே பிஸ்டலும் அதே நோக்கில் பிறந்தவை. பிஸ்டல் என்பது தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் அடுக்கிவைத்து, முந்தைய சூட்டின் விசையாலேயே அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிக்கொள்வது; உருளை இல்லாமையால் தட்டையாக இருந்து, இடுப்போடு ஒட்டி அமைவது. பிரிட்டிஷ் படை 1954இல், அதாவது மலாயாக் காடுகளில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, பதின்மூன்று தோட்டாக்களைத் தாங்கும் பிரவுனிங் பிஸ்டலுக்கு மாறியது. தோட்டத் துரைமாரோ கைக்குக் கிடைத்ததைத் தாங்கினர். பதுங்கித் தாக்குவோரின் ஸ்டென் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிராக எந்த ரிவால்வரும் பெரிதாகப் பயன்படாது என்பதால், பலர் தாங்களும் ஸ்டென்னையே வண்டியில் வைத்துக்கொண்டனர்.

இதே ஆண்டுகளில், இதே தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளியின் நிலை நேர்மாறானது. அவன் கையில் இருந்தது பால் வெட்டும் கத்தி மட்டுமே. காட்டிலிருந்து இரவில் வருவோர் அரிசியும் சந்தாவும் கேட்டு மிரட்டினர். மறுத்த கங்காணிகளும் தொழிலாளரும் கொல்லப்பட்டனர். விடிந்தால் காவலரின் சோதனை. 1950 ஜூனில் ஜொகூரிலிருந்து தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சீனக் குடியேறிகள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டதுபோலவே, தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. கிளர்ச்சியாளருக்குப் போய்ச் சேராதபடி வேலைக்காட்டுக்கு உணவு எடுத்துச் செல்வது தடைசெய்யப்பட்ட பகுதிகளில், பால் வெட்டப் புறப்படும் பெண்கள் வாசலில் ஒரு பிடி சோற்றுக்காகச் சோதிக்கப்பட்டனர். தோட்டக் காவலுக்கு அமர்த்தப்பட்ட சிறப்புக் காவலருள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். உயிருக்கு ஆபத்து துரைக்கும் தொழிலாளிக்கும் பொதுவாக இருந்தும், தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு மட்டும் வழங்கப்பட்டது.

மற்றவருக்கு வழங்கப்பட்டது தூக்குக் கயிறு. 1948ஆம் ஆண்டின் அவசரகால ஒழுங்குவிதிகள் உரிய அதிகாரமின்றித் துப்பாக்கி தாங்குவதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கின. அதைக்கொண்டு யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. அவசரகாலத்தில் தூக்கிலிடப்பட்டோர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் தமிழர் மறவாத பெயர் மலாயா கணபதி. தஞ்சைப் பகுதியில் பிறந்து, இளம் வயதில் கடல்கடந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் சிலாங்கூரின் ரவாங் வட்டாரத்தில் ஒரு ரிவால்வருடனும் ஆறு தோட்டாக்களுடனும் பிடிபட்டார். அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாக அவர் கூறியது ஏற்கப்படவில்லை. நேருவின் அரசு தலையிட்டும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். துரையின் இடுப்பில் தற்காப்புக் கருவியாக இருந்த ஆறு தோட்டா ரிவால்வர் ஒரு தொழிற்சங்கத் தலைவரிடம் இருந்தபோது அவர் உயிரையே பறித்தது, அது நீதியன்று.

1958இல் தென்மலாயாவின் கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோர் லுங் ஏறத்தாழ 160 பேருடன் சரணடைந்ததும் ஜொகூரில் போர் முடிவுக்கு வந்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் நீக்கப்பட்டது. துரைமாரின் அன்றாட ஆயுத வழக்கமும் அத்தோடு மறைந்தது. ஆனால் கணபதியைத் தூக்கிலிட்ட விதியின் உள்ளடக்கம் மறையவில்லை. அதே ஆண்டில் இயற்றப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதிகளில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கட்டாய மரண தண்டனை விதித்தது. 1979இல் ஜொகூரில் கைத்துப்பாக்கியுடனும் சில தோட்டாக்களுடனும் பிடிபட்ட ஒருவர் இப்பிரிவின்கீழ் 1983 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். கணபதிக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றிருந்தன. நாடு விடுதலை பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரத்தை மாநிலக் காவல் துறைத் தலைவரிடம் ஒப்படைத்தது. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம், சட்டவிரோதமாக வைத்திருப்போருக்குப் பதினான்கு ஆண்டுவரை சிறையும் பிரம்படியும், குற்றச்செயலின்போது சுடுவோருக்குக் கட்டாய மரண தண்டனையும் விதித்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலும், கட்டாய மரண தண்டனை 2023இலும் நீக்கப்பட்டன. உரிம ஏற்பாட்டின் இறுக்கம் தளரவில்லை.

உலகின் பிற பகுதிகளில் இதே காலத்தில் கைத்துப்பாக்கி மேலும் சுருங்கியது. 1982இல் ஆஸ்திரியாவின் கிளாக் நிறுவனம் நெகிழிச் சட்டம் கொண்ட பிஸ்டலையும், 1988இல் அதன் சிறு வடிவத்தையும் உருவாக்கியது. உள்ளங்கையளவில் பத்துத் தோட்டாக்களைத் தாங்கும் பிஸ்டல்கள் 2018 முதல் சந்தைக்கு வந்தன. அமெரிக்கக் குடிமக்கள் பழைய ரிவால்வரை விட்டு அவற்றுக்கு மாறிவருகின்றனர். ஜொகூரில் அத்தகைய மாற்றம் காவலரின் இடைவாரில் மட்டுமே நிகழ்ந்தது: ஆறு தோட்டா ரிவால்வர்களின் இடத்துக்கு வால்தர் பி99 போன்ற பிஸ்டல்கள் வந்தன. தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தாத அன்றாட வாழ்வைப் பெற்றிருப்பது நல்லதே. அந்த அமைதிக்கான சட்டம் தொடக்கத்தில் துரைக்கு உரிமமாகவும் தொழிலாளிக்குத் தூக்குமேடையாகவும் இருந்தது என்பதைத் தமிழில் எழுதப்படும் மலாயா வரலாறுகள் இன்னும் விரிவாகப் பதிவுசெய்ய வேண்டும்.