நாடாவில் எஞ்சிய குரல்கள்: 1960களின் சோல் இசையும் தொலைக்காட்சியும்

1964 பிப்ரவரி 7 அன்று என்பிசி தொலைக்காட்சியின் 'தி டுநைட் ஷோ'வில் சாம் குக் தம் புதிய பாடல் ஒன்றைப் பாடினார். 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' என்ற அந்தப் பாடல் பின்னாளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்துபோனது. இரண்டு நாள் கழித்து சிபிஎஸ்ஸின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவினர் தோன்றினார்கள், ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். பீட்டில்ஸ் பாடியதை இன்றும் பார்க்கலாம். குக் பாடியதைப் பார்க்க வழியில்லை. அந்த நாடாவை என்பிசி பாதுகாக்கவில்லை.

சோல், ரிதம் அண்ட் புளூஸ் பாடகர்களின் பழைய தொலைக்காட்சிப் பதிவுகளை அந்தக் காலத்தின் கண்ணாடியாகக் கொள்வது பரவலான வழக்கம். கையில் கிடைக்கும் காட்சிகளை அடுக்கி, அதுவே அந்த இசையின் வரலாறு என்று எழுதிவிடுகிறோம். இந்த முறை ஆபத்தானது. எந்தப் பாட்டு எஞ்சியது என்பதைப் பாடகரின் ஆற்றலோ புகழோ தீர்மானிக்கவில்லை. நாடா யார் கையில் இருந்தது, அதை வைத்திருப்பதில் யாருக்கு ஆதாயம் இருந்தது என்பவையே தீர்மானித்தன.

ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த ஒளிப்பதிவு நாடா இரண்டு அங்குல அகலம் கொண்டது, விலையும் அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் நாடாவை அழித்து அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது நிலையங்களுக்கு இயல்பான சிக்கனமாக இருந்தது. 'தி டுநைட் ஷோ'வின் நியூயார்க் காலத்துப் பதிவுகளில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. வெள்ளையர் நிகழ்ச்சிகளும் தப்பவில்லை. ஆகவே குக்கின் நாடா மறைந்ததை இனவெறியின் நேரடிச் செயல் என்று சொல்வது மிகை. ஆனால் பெரிய வலையமைப்புகளில் கறுப்பினப் பாடகருக்குச் சொந்த இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என்பிசி 1956 நவம்பரில் தொடங்கிய நாட் கிங் கோல் நிகழ்ச்சி நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்காமல் 1957 டிசம்பரில் நின்றது. அதே 1957இல் ஏபிசியில் ஆலன் ஃபிரீட் நடத்திய 'தி பிக் பீட்' நிகழ்ச்சியில் கறுப்பினச் சிறுவன் ஃபிராங்கி லைமன் ஒரு வெள்ளைப் பெண்ணோடு ஆடியது தென்மாநில நிலையங்களைக் கொதிக்க வைத்தது. நிகழ்ச்சியும் விரைவில் மூடப்பட்டது. இத்தகைய இடத்தில் பாடகர் விருந்தாளி மட்டுமே. வந்து ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு பாடிவிட்டுப் போவார்.

சிறிய நிலையங்களில் கதை வேறு. நாஷ்வில்லின் டபிள்யூஎல்ஏசி வானொலியில் இரவுதோறும் ரிதம் அண்ட் புளூஸ் ஒலிபரப்பிப் புகழ்பெற்றவர் வெள்ளையரான ஹாஸ் ஆலன். அவர் 1966இல் டல்லஸ் நகரின் டபிள்யூஎஃப்ஏஏ நிலையத்தில் 'தி பீட்' என்ற வண்ண நிகழ்ச்சியைப் படம்பிடித்தார். மொத்தம் 26 நிகழ்ச்சிகள். கிளாரன்ஸ் 'கேட்மவுத்' பிரவுன் தலைமையில் நிலையான இசைக்குழு ஒன்று உடன் இருந்தது. எட்டா ஜேம்ஸ், லிட்டில் மில்டன், ஃபிரெடி கிங் எல்லாரும் அதில் தோன்றினார்கள். பல ஊர் நிலையங்களுக்கு விற்பதற்காகவே எடுத்த நிகழ்ச்சி என்பதால் அதன் நாடா செலவுக் கணக்கில் சேரவில்லை, சரக்குக் கணக்கில் சேர்ந்தது. இன்று கிதார் பயில்வோர் ஃபிரெடி கிங்கின் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் மாட்டியிருக்கும் மீட்டிகளைக் கூர்ந்து கவனிக்க முடிகிறதென்றால் அதற்கு இந்த வணிகக் கணக்கும் ஒரு காரணம். இசைத்தட்டு சொல்லாத செய்தி அது. நாஷ்வில்லின் உள்ளூர்த் தொலைக்காட்சியில் நோபல் பிளாக்வெல் நடத்திய 'நைட் டிரெய்ன்' நிகழ்ச்சியும் அத்தகையதே. 1965இல் பட்டி, ஸ்டேசி என்ற இரு பாடகர்களுக்குப் பின்னால் நின்று கிதார் வாசித்த இளைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்பதை அதன் எஞ்சிய காட்சியில்தான் காண்கிறோம்.

ஆனால் இந்தக் காலத்தின் ஆகச் சிறந்த ஆவணம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டதே அன்று. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனக் கலைஞர்கள் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தபோது, 1967 ஏப்ரல் 7 அன்று ஆஸ்லோவில் நடந்த கச்சேரியை நார்வே அரசுத் தொலைக்காட்சியான என்ஆர்கே படம்பிடித்தது. பின்னணி இசைக்குழுவில் புக்கர் டி. ஜோன்ஸும் டிரம்ஸ் வாசிக்கும் ஆல் ஜாக்சனும் கறுப்பினத்தவர். கிதார் ஸ்டீவ் கிராப்பரும் பேஸ் டொனால்ட் டன்னும் வெள்ளையர். இந்த நால்வரும் ஒரே மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். மெம்ஃபிஸில் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வெளியே அது எளிதில் நடக்காத காரியம். இரட்டைப் பாடகர்களான சாமும் டேவும் வியர்வையில் நனைந்து அரங்கைக் கிளப்பிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பின் ஓடிஸ் ரெட்டிங் வருகிறார். 'டிரை எ லிட்டில் டெண்டர்னஸ்' மெல்லத் தொடங்கி, நின்று, ஏறி, முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி எழுகிறது. மூன்று, நான்கு நிமிடத் தட்டுக்குள் அடங்காத கால அளவு இங்கே உருவாவதைக் கண்ணால் பார்க்கிறோம். எட்டு மாதம் கழித்து டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சினில் நடந்த விமான விபத்தில் அவர் 26 வயதில் இறந்தார். ஆஸ்லோ காட்சி இல்லையென்றால் அவருடைய மேடைக் கலையைப் பற்றிய மதிப்பீடே மாறியிருக்கும்.

காட்சி எஞ்சுவது ஒன்று. அது எப்படிப் படமாக்கப்பட்டது என்பது இன்னொன்று. 1964 அக்டோபரில் சாண்டா மோனிகாவில் தொலைக்காட்சிக் கேமராக்களால் எடுக்கப்பட்டுத் திரையரங்குகளுக்குப் போன 'டி.ஏ.எம்.ஐ. ஷோ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜேம்ஸ் பிரவுன் ஒத்திகைக்கு இணங்கவில்லை என்று இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் பின்னாளில் கூறியிருக்கிறார். கேமரா அவருடைய கால்களைத் துரத்துவதும், அவர் மண்டியிட்டுச் சரிவதும், தோளில் போர்த்திய மேலங்கியை உதறி மறுபடி ஒலிவாங்கிக்கு ஓடுவதும் இன்றைக்கும் படபடப்போடு தெரிவதற்கு அந்த ஆயத்தமின்மையே காரணம் எனலாம். நேர்த்தியாகத் திட்டமிட்டிருந்தால் இதில் பாதி உயிர்தான் இருந்திருக்கும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. வாயசைப்பு நிகழ்ச்சிகளை ஆவணமாகக் கொள்ள முடியாது, நேரடியாகப் பாடியவையே சான்று என்பார்கள். 1970இல் சிகாகோவில் டான் கொர்னீலியஸ் தொடங்கிய 'சோல் டிரெய்ன்' இந்த வாதத்தைக் குலைக்கிறது. அங்கே பெரும்பாலோர் தட்டுக்கு வாயசைத்தார்கள். ஜேம்ஸ் பிரவுன், அல் கிரீன் போன்ற சிலரே நேரடியாகப் பாடினார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சியின் உண்மையான பதிவு பாடகர்களோடு நிற்கவில்லை. கறுப்பின இளைஞர்கள் ஆடிய ஆட்டம், உடை, தலைமுடி, ஏன், ஜான்சன் நிறுவனத்தின் 'ஆஃப்ரோ ஷீன்' விளம்பரங்கள்கூட அதில் அடங்கும். கறுப்பினத்தவர் நிறுவனமே விளம்பரதாரராக இருந்ததுதான் நாட் கிங் கோல் நாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. நிகழ்ச்சி கொர்னீலியஸின் கையில் இருந்தது. பழைய நிகழ்ச்சிகள் அவருக்குச் சொத்து. 2008இல்தான் அவர் அதை விற்றார்.

சொத்தாக இருப்பதில் இன்னொரு சிக்கலும் வருகிறது. பிரிட்டனின் 'ரெடி ஸ்டெடி கோ!' 1963 முதல் 1966 வரை நடந்தது. 1965இல் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் தொகுத்து வழங்கிய மோட்டவுன் சிறப்பு நிகழ்ச்சியும், 1966 செப்டம்பரில் ஓடிஸ் ரெட்டிங்குக்கென்றே ஒதுக்கிய நிகழ்ச்சியும் அதன் சிகரங்கள். பெரும்பாலான நாடாக்கள் அழிந்துவிட்டன. மிஞ்சியவற்றின் உரிமையை 1980களில் இசைக்கலைஞர் டேவ் கிளார்க் வாங்கினார். அதன்பின் எந்தப் பாட்டு வெளிவரும், எது பெட்டிக்குள் இருக்கும் என்பதை உரிமையாளரே முடிவு செய்தார். இணையத்தில் இன்று நாம் காணும் துண்டுக் காட்சிகளைக் கொண்டு யார் சிறந்த மேடைப் பாடகர் என்று தரவரிசை போடுவோர் இந்த உரிமை வரலாற்றையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும்.