கூலி வேற்றுமையும் அடைபட்ட வாயிலும்

கூலியில் ஏற்றத்தாழ்வு ஏன் எனக் கேட்போர்க்கு, 'திறமைக்கேற்ற ஊதியம்' என்னும் விடை எளிதில் கிடைக்கிறது. முக்கியமான பணிகளுக்குத் தகுதியுடையோரை ஈர்க்கவே உயர் ஊதியம் என்று 1945இல் அமெரிக்கச் சமூகவியலாளர் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் விளக்கினர். தகுதி பெறும் வாய்ப்பே எல்லோர்க்கும் ஒப்ப இல்லையே என 1953இல் மெல்வின் டியூமின் மறுத்தார். நம் மக்களோ அம்மறுப்பை நூல் கற்காமலே அறிந்திருந்தனர்.

பம்பாய்ப் பஞ்சாலைகளை நோக்குவோம். அங்கு நெசவுப் பிரிவில் கூலி மிகுதி. நூற்புப் பிரிவில் குறைவு. தறியில் தார் தீர்ந்தால், புதுத் தாரின் நூலை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுத்தல் வேண்டும். தீண்டப்படாதார் வாய்பட்ட நாடாவைத் தொடோம் என்றனர் சாதி இந்துத் தொழிலாளர். (அவர்கள் ஒருவர் எச்சிலை ஒருவர் உறிஞ்சியது தீட்டாகவில்லை போலும்!) நம்மவர்க்கு நெசவு மறுக்கப்பட்டது இதனாலேயே, கை திறம் குறைந்ததால் அன்று. கதவை அடைத்தவர் முதலாளி மட்டுமல்லர், உடனுழைத்த தொழிலாளியுமே என்பதை நம் இளைஞர் ஊன்றி நோக்க வேண்டும். 1928இல் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின்போது, நெசவில் நம்மவர்க்கும் இடம் வேண்டும் என்பதைக் கோரிக்கையாக ஏற்குமாறு டாக்டர் அம்பேத்கர் வேலைநிறுத்தத் தலைவர்களை வலியுறுத்தினார்.

1938இல் மன்மாடில் கூடிய ஒடுக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டிலும் அவர் இதனையே எடுத்துரைத்தார். போர்ட்டர், ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்தாக வேண்டும். அவ்வீட்டினுள் தீண்டப்படாதார் புகலாகாது. ஆதலால் கேங்மேனாகச் சேர்ந்தவர் கேங்மேனாகவே ஓய்ந்தார்.