மலையகத் தோட்டப் பாடசாலைக் கட்டடம்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்குள் இயங்கும் ஆரம்பப் பாடசாலைகளின் கட்டட அமைப்பு, தோட்ட நிர்வாக முறை, மலைச்சரிவு, மழை ஆகிய மூன்றோடும் பிணைந்தது. பிள்ளைகள் குழுவாகவும் தனியாகவும், அவரவர் வேகத்தில் கற்பதற்கு இடம்தரும் நெகிழ்வான கட்டடம் பற்றி இன்று பேசப்படுகிறது. தோட்டப் பள்ளியில் பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் கற்பது தொடக்கம் முதலே உள்ளதுதான். கட்டடம் அதற்குத் துணை நிற்கவில்லை என்பதே குறை.

கோப்பிக் காலத்திலும் பின்வந்த தேயிலைக் காலத்திலும் பள்ளிக்கெனத் தனி வடிவம் இருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் காம்பரா ஒன்றிலோ, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தின் ஒரு மூலையிலோ படிப்பு நடந்தது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரை மேல் சுமத்தியது. ஆசிரியரை நியமிப்பதும் பள்ளியறை ஒதுக்கிப் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. நடைமுறையில் அது ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் நின்றது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பிறகும் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்திடமே இருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின், 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக அரசு இப்பள்ளிகளைப் பொறுப்பேற்றது. 1986இல் சுவீடன் உதவியுடன் தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. ஜெர்மனியின் உதவியில், ஆசிரியர் பயிற்சிக்காகப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில் எழுந்தது.

அரசு பொறுப்பேற்ற பின் கட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை நாடெங்கும் வழக்கிலுள்ள ‘நூறுக்கு இருபது’ மண்டபங்கள்: 100 அடி நீளம், 20 அடி அகலம், இடுப்பளவு அரைச்சுவர், மேலே கம்பிவலை அல்லது வெறுவெளி, தகரம் அல்லது அஸ்பெஸ்டோஸ் கூரை. வெக்கை மிகுந்த தாழ்நிலத்துக்கு இது அருமையான வடிவம். காற்றோட்டம் உண்டு, செலவும் குறைவு. ஆனால் 1868 மீட்டர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் நுவரெலியாவில் அதே அரைச்சுவருக்கு மேலாகப் பனிமூட்டம் வகுப்புக்குள் நுழைந்துவிடுகிறது. கொழும்பில் வரைந்த படத்தை மலைக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

குளிரைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வட்டவளை, அட்டன் பக்கம் தகரத்தில் மழை கொட்டும்போது ஆசிரியரின் வாயசைவுதான் தெரியும். தடுப்பில்லாத மண்டபத்தில் ஒரு கோடியில் முதலாம் தரம் பாட்டுப் பாட, மறு கோடியில் ஐந்தாம் தரம் புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கணக்குச் செய்துகொண்டிருக்கும். மழை வலுத்தால் இரண்டும் நின்றுவிடும். எல்லோரும் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள்.

1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இந்த மண்டபத்துக்கு ஒத்துவரவில்லை. அது ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. 1, 2ஆம் தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் மிகுதி. மேலே போகப்போக எழுத்துவேலை கூடும். ஆக, ஒரே பாடசாலைக்குள் தரையில் பாய் விரிக்கும் இடமும், நாலைந்து பேர் கூடும் மேசையும், அமைதியான மூலையும் வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டு மூன்று தரங்களைப் பார்க்கும் பல்தரக் கற்பித்தல் தோட்டங்களில் சாதாரணம். அவர் ஓரிடத்தில் நின்றபடி எல்லாக் குழுக்களையும் கண்ணால் எட்டவும் முடிய வேண்டும்.

இத்தகைய நெகிழ்வான கட்டடத்துக்கு முன்னோடிகள் உண்டு. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஃபின்மியர் கிராமத்துக்கு டேவிட் மெட், மேரி மெட் தம்பதியர் வடிவமைத்து 1959இல் திறக்கப்பட்ட சிறு பாடசாலையில், மடக்குத் தடுப்புகளைத் திறந்தால் ஒரே கூடம், மூடினால் தனித்தனி அறைகள். அதைப் பின்பற்றிச் சுவரே இல்லாமல் கட்டிய பெரிய பாடசாலைகள் பலவற்றில் இரைச்சல் தாங்காமல் பிறகு சுவர் எழுப்ப நேர்ந்தது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் புதுக் கட்டடம் எதையும் கேட்கவில்லை. பாயும், பிள்ளைக்கு எட்டும் தாழ்ந்த கரும்பலகையும், அட்டைகள் அடுக்கிய தட்டுகளும் பழைய வகுப்பறையையே மாற்றின. கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களில் கட்டிய சென்ட் பிரிஜட்ஸ் மொண்டிசோரிப் பள்ளி பள்ளிக் கட்டடத்தில் இலங்கையின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால் மலையகத்தில் அவர் 1959இல் கட்டியது பள்ளியல்ல, அப்கொட் ஸ்ட்ரத்ஸ்பே தோட்டத்தில் துரை பங்களா.

தோட்டத்தில் புதுக் கட்டடம் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். நீள மண்டபம் மலையின் வளைவுக்கு ஏற்ப வளையாது. சரிவை ஆழமாக வெட்டித் தட்டெடுத்தால் முதுகுப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் மண்வெட்டு நிற்கும். அதற்குப் பதில் முதன்மை நிலைக்கு ஒன்றாக மூன்று சிறு கூடங்களைச் சரிவோடு இறங்கும் மூன்று தட்டுகளில் வைத்து, கூரையிட்ட விறாந்தையால் இணைத்தால் வெட்டும் குறையும், ஒரு வகுப்பின் சத்தம் மற்றதற்குப் போவதும் குறையும். நுவரெலியா மண்சரிவு அபாய மாவட்டம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும், கட்டடத்துக்கு மேற்புறம் தண்ணீரைத் திருப்பும் கானும் கட்டாயம். காலை வெயிலைப் பிடிக்கக் கிழக்கே கண்ணாடி யன்னல், அதன் அடிவிளிம்பு உட்கார்ந்த பிள்ளையின் கண்மட்டத்தில். மழைக்காற்று அடிக்கும் பக்கம் முழுச்சுவர். நனைந்து வரும் பிள்ளையின் சப்பாத்தையும் குடையையும் வைக்க வாசலில் இடம். இவை வரைபடத்தில் சிறியவை. தோட்டத்தில் பாடம் நடப்பதும் நடக்காததும் இவற்றைப் பொறுத்தது. பணம் குறைவென்றால் கூடத்தைப் பிரிக்கும் மடக்குக் கதவைத் தள்ளிப்போடலாம். தகரத்தில் மழையின் இரைச்சலை அடக்கும் உட்கூரையைத் தள்ளிப்போடக் கூடாது.

தோட்டப் பாடசாலை பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் லயத்துக் குடும்பங்கள் ஒதுங்குவதும் அங்கேதான். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது, உயிர்தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். எனவே சமையலிடமும் கழிவறையும் தண்ணீர்த் தொட்டியும் வகுப்புகளைத் தொடாமல் வெளியிலிருந்தே பயன்படுத்தும்படி அமைய வேண்டும். குடும்பங்கள் ஒரு கூடத்தில் தங்கியிருக்கும்போதே மற்ற இரண்டில் பாடம் தொடர இது வழிசெய்யும்.